அமெரிக்கக் கைத்துப்பாக்கி உரிமம்: அதிகாரி மனசு வைத்தால்தான் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வரும்போதெல்லாம், "அங்கே யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு திரியலாமாமே" என்று ஒரு பேச்சு கிளம்பும். நியூயார்க்கில் நூறு வருஷத்துக்கும் மேலாக நிலைமை அப்படி இல்லை. சாதாரண ஆள் ஒருவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டுமானால், தனக்கு அது ஏன் வேண்டும் என்று ஓர் அதிகாரியைத் திருப்திப்படுத்தியாக வேண்டியிருந்தது. 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த முறையை ரத்து செய்தது. அது சரியான தீர்ப்பு என்பது என் எண்ணம். அதற்காகத் துப்பாக்கிச் சாவுகளை லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை. இரண்டையும் சேர்த்தே கீழே பேசியிருக்கிறேன்.

சண்டை துப்பாக்கி வைத்திருப்பதைப் பற்றியா, வெளியே கொண்டுபோவதைப் பற்றியா?

வெளியே கொண்டுபோவதைப் பற்றி. வீட்டில் வைத்திருக்கும் உரிமை 2008-லேயே தீர்மானமாகிவிட்டது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதில் மாநிலங்கள் மூன்று விதமாக நடந்துகொண்டன. முதல் வகையில், சட்டத்தில் எழுதியிருக்கும் தகுதிகள் இருந்தால் அதிகாரி உரிமம் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவது வகையில், தகுதியெல்லாம் இருந்தாலும் அதிகாரி விரும்பினால் கொடுக்கலாம், இல்லையென்றால் மறுக்கலாம். மூன்றாவது வகையில் உரிமமே வேண்டாம். 2022 தீர்ப்பு கைவைத்தது இரண்டாவது வகையில் மட்டும்தான். அப்போது அந்த வகையில் நியூயார்க், கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய ஆறு மாநிலங்கள் இருந்தன. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரங்கள் இவற்றில் அடங்கும்.

இரண்டாவது திருத்தம் என்ன சொல்கிறது?

1791-இல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் சேர்ந்த ஒற்றை வாக்கியம் அது. சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்குபட்ட குடிப்படை, அதாவது குடிமக்களே சேர்ந்த படை, அவசியம் என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. குடிப்படைக்காக மட்டும் தந்த உரிமையா, தனிமனிதருக்கும் உண்டா என்பதில் நெடுங்காலம் வாதம் நடந்தது.

2008-இல் ஹெல்லர் வழக்கில் 5-4 என்ற கணக்கில் தனிமனித உரிமைதான் என்று தீர்ப்பு வந்தது. வாஷிங்டன் நகரம் 1976 முதல் கைத்துப்பாக்கிக்கு விதித்திருந்த தடை அதோடு போனது. வழக்குப் போட்டவர் ஒரு பாதுகாப்புக் காவலர். பணி நேரத்தில் அரசுக் கட்டடத்தைக் காக்கக் கைத்துப்பாக்கி தரித்தவருக்கு, வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. 2010-இல் மெக்டொனால்ட் வழக்கில், இந்த உரிமை மாநில அரசுகளையும் நகராட்சிகளையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானமானது. வாசலைத் தாண்டினால் என்ன என்பது மட்டும் பாக்கி இருந்தது.

நியூயார்க் கேட்ட 'தக்க காரணம்' எப்படிப்பட்டது?

தற்காப்புக்கு என்று சொன்னால் போதாது. பொதுமக்களுக்கு இல்லாத, தனக்கு மட்டுமே உள்ள விசேஷமான ஆபத்தைக் காட்ட வேண்டும் என்று அந்த மாநில நீதிமன்றங்கள் விளக்கம் கொடுத்திருந்தன. திருட்டும் கொலையும் நிறைந்த பகுதியில் குடியிருப்பது கணக்கில் வராது. ஊரே பயத்தில் இருந்தால் உங்கள் பயத்துக்கு மதிப்பில்லை என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம்.

உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு பேரின் மனுக்களைப் பார்த்தால் இது தெளிவாகும். இருவரும் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு அருகே ரென்சிலர் கவுண்டியை (நம் மாவட்டம் போன்ற பிரிவு) சேர்ந்தவர்கள். குற்றப் பின்னணி கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் பெருநகரத்துக்கு வெளியே உரிம அதிகாரி என்பவர் பெரும்பாலும் உள்ளூர் நீதிபதிதான். முதலாமவருக்கு வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டும் என்று உரிமம் தந்தார்கள். 2016 கடைசியில் தன் தெருப்பக்கம் வரிசையாகக் கொள்ளை நடந்ததைச் சொல்லி, கட்டுப்பாட்டை நீக்கும்படி கேட்டார். விசாரணை நடந்தது. மீன்பிடிக்க, மலையேற, கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போது வைத்துக்கொள்ளலாம், மக்கள் புழங்கும் இடங்களில் கூடாது என்று பதில் வந்தது. இரண்டாமவர் 2008 முதல் உரிமம் வைத்திருந்தவர், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் அனுபவம் உள்ளவர். அவருக்குக் கூடுதலாக வேலைக்குப் போகவும் வரவும் மட்டும் அனுமதி கிடைத்தது. 

மேல்முறையீடு உண்டுதான். ஆனால் அதிகாரி சொன்ன காரணத்தில் கொஞ்சமாவது நியாயம் தெரிந்தால் மறுப்பை அப்படியே விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் எட்டு போட்டுக் காட்டி, கண் பரிசோதனையும் முடித்தவரிடம், "பஸ்தான் ஓடுகிறதே, உனக்கு எதற்கு வண்டி?" என்று ஆர்.டி.ஓ. கேட்டால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்வியைத்தான் நியூயார்க் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சட்டம் எப்போது வந்தது?

1911-இல். டிமதி சல்லிவன் என்ற மாநில செனட்டர் கொண்டுவந்ததால் சல்லிவன் சட்டம் என்று பெயர். 1910 ஆகஸ்டில் நியூயார்க் மேயர் வில்லியம் கேனரைச் சுட்டார்கள், உயிர் தப்பினார். 1911 ஜனவரியில் நாவலாசிரியர் டேவிட் கிரஹாம் பிலிப்ஸைச் சுட்டார்கள், இறந்துபோனார். நகரம் கொதித்தது, சட்டம் வந்தது. தெருவில் கொண்டுபோவதற்கான 'தக்க காரணம்' 1913 திருத்தத்தில் சேர்ந்தது. புதிதாக வந்திறங்கிய இத்தாலியர்களின் மேல் அன்று நிலவிய சந்தேகமும் இந்தச் சட்டத்துக்குப் பின்னால் உண்டு. முதலில் தண்டனை பெற்றவர்களில் ஓர் இத்தாலியத் தொழிலாளியும் இருந்தார். மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலுக்குப் பயந்து துப்பாக்கி வைத்திருந்ததாகச் சொன்னார்.

அதிகாரி யோசித்துக் கொடுப்பதில் என்ன தப்பு? ஆள் பார்த்துத் தருவது நல்லதுதானே?

நல்ல நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆனால் ஆள் பார்த்துக் கொடுத்தபோது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு நீண்ட வரலாறே இருக்கிறது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை நீங்கிய 1865-லேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கவுண்டி வாரியத்தின் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்றது. உரிமம் தருவது வாரியத்தின் இஷ்டம். வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அலபாமாவின் மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. 1956 ஜனவரி 30 அன்று மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதற்குப் பிறகு கிங் துப்பாக்கி கொண்டுபோக உரிமம் கேட்டு மனு போட்டார். மறுத்துவிட்டார்கள். பின்னாளில் அகிம்சையின் அடையாளமான அந்த மனிதருக்கு அன்று இருந்ததைவிடத் தெளிவான ஆபத்து அந்த ஊரில் வேறு யாருக்கு இருந்திருக்கும்? வாசலில் வெடித்த குண்டும் தக்க காரணமாகப் படாத அளவுக்கு அதிகாரியின் விருப்பம் அகலமானது. இந்த விஷயத்தில் என் மனம் உறுதியானதற்கு இந்தச் சம்பவம்தான் முதல் காரணம்.

பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. நியூயார்க் காவல்துறையின் உரிமப் பிரிவில் இருந்த சிலர் பணமும் பரிசும் வாங்கிக்கொண்டு உரிமம் தந்ததாக 2016, 2017-இல் மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா கவுண்டியில் உரிமம் வழங்குவதில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டியதாக, கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப் மீதே விசாரணை நடந்தது. 2022 நவம்பரில் ஜூரி அவர் தவறு செய்தவர் என்று முடிவு சொன்னது.

உச்ச நீதிமன்ற வழக்கில் துப்பாக்கி அமைப்புகளோடு சேர்ந்து நின்றவர்களில் நியூயார்க்கின் ஏழைகளுக்காக வாதாடும் பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ் போன்ற இலவச சட்ட உதவி வழக்கறிஞர்களும் இருந்தார்கள். உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போகும் தங்கள் கட்சிக்காரர்கள் ஏறக்குறைய அனைவருமே கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான் என்று எடுத்துச் சொன்னார்கள். வசதியுள்ளவருக்கு உரிமம், இல்லாதவருக்கு ஜெயில் என்ற ஏற்பாட்டை அன்றாடம் கோர்ட்டில் பார்ப்பவர்களின் சாட்சியம் அது. இதை இடதுசாரி, வலதுசாரி என்று பிரித்துப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

2022 தீர்ப்பு சரியாக என்ன சொன்னது?

வழக்கின் பெயர் புரூயன். ஜூன் 23 அன்று 6-3 என்ற கணக்கில், நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு. தற்காப்புக்காகப் பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோவதும் இரண்டாவது திருத்தத்துக்குள் அடங்கும் என்றது. பேச்சுரிமைக்கோ மத உரிமைக்கோ எவரும் அரசு அதிகாரியிடம் போய்த் தன் விசேஷத் தேவையை நிரூபிப்பதில்லை, இந்த உரிமைக்கு மட்டும் ஏன் என்பது அதன் மையமான வாதம்.

சரி, இனி எந்தக் கட்டுப்பாடும் கூடாதா? அப்படி இல்லை. கைரேகை, குற்றப் பின்னணி சரிபார்ப்பு, மனநல ஆவணங்கள், பயிற்சி எல்லாவற்றையும் மாநிலம் கேட்கலாம் என்று நீதிபதி கவனா தனியாக எழுதினார், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். நிபந்தனைகள் எல்லோருக்கும் ஒன்றாகவும் எழுத்திலும் இருக்க வேண்டும். தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

வரலாற்றைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறார்களே, அது நியாயமா?

இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு கட்டுப்பாடு செல்லுமா என்று பார்க்க, அதனால் வரும் நன்மை தீமையை எடைபோடக் கூடாது, அமெரிக்க மரபில் அதற்கு ஒப்பான சட்டம் இருந்ததா என்று தேட வேண்டும் என்பது புரூயன் வைத்த அளவுகோல். அதன்பின் கீழ் நீதிமன்ற நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். ஒரே சட்டத்தை ஒருவர் செல்லும் என்பார், இன்னொருவர் செல்லாது என்பார்.

2024 ஜூனில் ராகிமி வழக்கில் இது கொஞ்சம் தணிந்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தை 8-1 என்று உறுதி செய்தார்கள். அச்சு அசலாகப் பழைய சட்டம் இருக்கத் தேவையில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று விளக்கினார்கள். தனியாக மறுத்து எழுதியவர் புரூயன் தீர்ப்பை எழுதிய தாமஸ்.

வரலாறு என்று பார்த்தாலும் அதிகாரியின் விருப்பத்தைச் சந்தேகித்தது ஒன்றும் புதிதல்ல. வெர்மாண்டில் ரட்லண்ட் நகரம், மேயரோ போலீஸ் தலைவரோ எழுத்து மூலம் அனுமதி தந்தால்தான் ஆயுதம் கொண்டுபோகலாம் என்று விதி வைத்திருந்தது. 1903-லேயே அம்மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றுவிட்டது. இன்று வரை வெர்மாண்டில் உரிம முறையே கிடையாது.

புரூயன் தீர்ப்பை எதிர்த்து எழுதிய நீதிபதிகளின் வாதத்தில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. நீதிபதி பிரையர் தன் மாறுபட்ட தீர்ப்பை ஓர் எண்ணோடு தொடங்கினார். 2020-இல் மட்டும் துப்பாக்கியால் இறந்த அமெரிக்கர்கள் 45,222 பேர். ஒரு நடுத்தர ஊரே ஒரு வருஷத்தில் காலியாவதைப் போன்ற எண் இது. அதைத் தாண்டிப் போய்விட்டு உரிமையைப் பற்றிப் பேசுவது சரியல்ல. நெரிசலான நகரத்துக்கும் ஆளில்லாத மலைக்காட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது, உள்ளூர் நிலவரம் தெரிந்த அதிகாரிக்கு இடம் கொடுங்கள் என்றார்.

அந்த எண்ணுக்குள் பாதிக்கு மேல் தற்கொலைகள். தெருவில் கொண்டுபோகும் உரிமத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பு குறைவு. இன்னொரு பக்கம் நீதிபதி அலிட்டோ, 2022 மே மாதம் பஃபலோ நகரக் கடையில் பத்துப் பேரைக் கொன்றவனை நியூயார்க்கின் கடுமையான சட்டம் தடுக்கவில்லையே என்றார். அதுவும் பாதி வாதம்தான், ஏனென்றால் நடந்ததைத்தான் நாம் பார்க்கிறோம், தடுக்கப்பட்டது கண்ணில் படாது.

ஆய்வுகள்? 2004-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு ஒன்று எல்லாவற்றையும் பரிசீலித்து, உரிமத்தைத் தாராளமாக்கினால் குற்றம் கூடுமா குறையுமா என்று சொல்ல முடியவில்லை என்றது. அதன்பின் ஸ்டான்ஃபோர்டின் ஜான் டோனஹியூவும் உடன் ஆய்வாளர்களும் தாராளமாக்கிய மாநிலங்களில் பத்தாண்டில் வன்முறைக் குற்றம் ஏறக்குறைய 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டார்கள். இதை நான் புறந்தள்ளவில்லை. அபாயம் இருக்கிறது என்றால் பயிற்சியைக் கூட்டுங்கள், தகுதியைக் கடுமையாக்குங்கள். அதிகாரிக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று பிரிக்கும் அதிகாரம் அந்த அபாயத்துக்கு மருந்தாகாது.

தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க்கில் எளிதாகிவிட்டதா?

இல்லை. ஒரே வாரத்தில், 2022 ஜூலை 1 அன்று, புதுச் சட்டம் நிறைவேற்றினார்கள். செப்டம்பரில் அமலுக்கு வந்தது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுடும் பயிற்சி, நற்சான்று சொல்ல நான்கு பேர், மூன்று ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியல். டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில், பூங்கா, தியேட்டர், மதுக்கூடம் என்று தடைப் பகுதிகளும் நிறைய. இந்தச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, சமூக ஊடகப் பட்டியலைக் கேட்பது உள்ளிட்ட சிலவற்றைத் தடுத்து நிறுத்தியது.

பயிற்சி நியாயமானது. ஆனால் 'நல்லொழுக்கம்' உள்ளவரா என்று பார்ப்பது சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பழைய விருப்ப அதிகாரம் பின்வாசல் வழியாக உள்ளே வர அது ஒன்று போதும்.

கட்டணமும் தாமதமும் ஒரு பொருட்டா?

பெரிய பொருட்டு. நியூயார்க் நகரில் விண்ணப்பக் கட்டணம் மட்டும் 340 டாலர் என்று இருந்துவந்தது, கைரேகைக்கும் வகுப்புக்கும் தனிச் செலவு. பாத்திரம் கழுவிப் பிழைப்பவருக்கு இது மறுப்புக்குச் சமம். உரிமம் தருவதில் அளவுமீறிய கட்டணமோ தாமதமோ இருந்தால் அதையும் எதிர்த்து வழக்காடலாம் என்று புரூயன் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று சொல்கிறது.

தாமதத்தின் விலை என்ன என்பதை நியூ ஜெர்சியில் 2015-இல் பார்த்தார்கள். முன்னாள் காதலனின் மிரட்டலுக்குத் தடையாணை வாங்கிய பெண் ஒருவர், கைத்துப்பாக்கி வாங்கவே அனுமதி கேட்டு ஏப்ரலில் மனு கொடுத்தார். சட்டப்படி 30 நாளில் முடிவு சொல்லியிருக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் தன் வீட்டு முன்பாகவே குத்திக் கொல்லப்பட்டார். அனுமதி அதுவரை வரவில்லை. துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எவராலும் சொல்ல முடியாது. 30 நாள் என்று எழுதிய சட்டத்தை அரசே மீறியது என்பதைச் சொல்லலாம்.

ஒரு மாநில உரிமம் இன்னொரு மாநிலத்தில் செல்லுமா?

தானாகச் செல்லாது. மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தால்தான். பென்சில்வேனியாவில் முறையாக உரிமம் பெற்ற ஒரு தாய் 2013-இல் பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தபோது போலீஸ் நிறுத்தியது. துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னார், அதுவே வழக்கானது. கட்டாயச் சிறை எதிரே நின்றது. 2015-இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

உரிமமே தேவையில்லாத மாநிலங்கள்?

இப்போது 29. உரிமமே வேண்டாம் என்பது எனக்கு உடன்பாடில்லை, பயிற்சி இல்லாத கையில் துப்பாக்கி அபாயமானது.

இந்தியாவில் இது உரிமையா?

இல்லை. ஆனால் ஆகியிருக்கக்கூடும். இந்தியர்கள் ஆயுதம் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்திய ஆங்கிலேயரின் 1878 ஆயுதச் சட்டத்தின் கசப்பில், 1928 நேரு அறிக்கையும் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானமும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் சேர்த்திருந்தன. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் இதற்குத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, திருத்தம் தோற்றது.

1959 ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தால் நியூயார்க் நினைவுக்கு வரும். கைத்துப்பாக்கிக்கு மனு போடுபவருக்கு 'நல்ல காரணம்' இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், சென்னை போன்ற மாநகரில் போலீஸ் கமிஷனர். அரசியல் சாசன உரிமை இல்லாததால் இங்கே யாரும் புரூயன் போல ஒரு வழக்குப் போட முடியாது.

வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. வார இறுதியில் நண்பர்களோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்'தான், பலருக்கு இது தெரிவதில்லை. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். ஆனால் மாநிலம் அனுமதித்த கஞ்சாவாக இருந்தாலும் அதைப் பயன்படுத்துபவருக்கு மத்தியச் சட்டம் தடை போடுகிறது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தப்படலாம். வாங்கும் எண்ணம் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.